மழைக்காலத்தில் மெட்டல் டிடெக்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோத்தகிரி அருகே எங்களுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. சென்ற மாதம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது என் மாமியாரின் தாலிக்கொடி அறுந்து எங்கோ விழுந்துவிட்டது. கோவையில் இருக்கும் கொழுந்தனார் தமக்குத் தெரிந்தவரிடமிருந்து மெட்டல் டிடெக்டர் வாங்கி வருவதாகச் சொல்கிறார். ஆனால் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் தேடலாமா, மழைக்காலம் முடியட்டும் என்று இருக்கலாமா? இரவல் கருவி நனைந்து கெட்டுவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: மழை வெறித்த நேரம் பார்த்துத் தேடுங்கள். தங்கம் மண்ணில் கிடந்து துருப்பிடிப்பதில்லை என்றாலும், சரிவான தோட்டத்தில் ஓடும் தண்ணீர் மெல்லிய கொடியை இழுத்துக்கொண்டுபோய் வாய்க்கால் வண்டலில் புதைத்துவிடக்கூடும் என்பதால், கார்த்திகை கழியட்டும் என்று விட்டுவைப்பது நல்லதல்ல. அறுந்து விழுந்ததாக நினைக்கும் வரிசையை முதலிலும், அதற்குக் கீழே உள்ள வாய்க்காலையும் வண்டல் குழிகளையும் அடுத்தும் பாருங்கள்.

மண்ணின் ஈரம் தேடலுக்குப் பெரிய தடையல்ல. மழைநீரில் உப்பு மிகக் குறைவு. கடற்கரை ஈரம் கருவியைக் குழப்பும் அளவுக்கு மலை ஈரம் குழப்பாது. நீலகிரியில் தொல்லை தருவது செம்மண்ணில் கலந்திருக்கும் இரும்புத் தாதுதான். ஆகவே தேடத் தொடங்குமுன் உலோகம் ஏதும் இல்லாத ஓரிடத்தில் கருவியை மண்ணுக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ள வேண்டும். இதைத்தான் கிரவுண்ட் பேலன்ஸ் என்பார்கள். ஒரு மழை பெய்து ஓய்ந்தால் அதை மறுபடியும் செய்துகொள்ளுங்கள்.

மழையைவிடப் பெரிய சிக்கல் கொடியின் அமைப்பில் இருக்கிறது. எத்தனை சவரனில் செய்ததானாலும், மெல்லிய கண்ணிகளால் ஆன சங்கிலியைக் கருவி ஒரே பொருளாக உணர்வதில்லை. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே மிகச் சிறிய உலோகத் துண்டாகத்தான் அதற்குப் புலப்படும். சங்கிலியின் கொக்கி, அதில் கோத்த தாலி, குண்டு போன்ற கட்டியான உருப்படிகளே தெளிவான ஒலியைத் தரும். சிறிய தங்கப் பொருள்களும் பான்மசாலா உறையின் அலுமினியத் தாளும் ஏறக்குறைய ஒரே விதமான ஒலியை எழுப்பும் என்பதால், குப்பையை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷன் வசதியை முழுவதும் அணைத்துவிட்டு, கேட்கிற ஒவ்வொரு சிறு ஒலியையும் தோண்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. தேயிலை வேரைக் காயப்படுத்தாமல் சிறு கொத்தால் மேல்மண்ணை மட்டும் கிளறி, பார்த்து முடித்த குழியை உடனே மூடி மிதித்துவிடுங்கள். சரிவில் திறந்து கிடக்கும் குழி அடுத்த மழையில் மண்ணரிப்புக்கு வழி திறந்துவிடும்.

கருவியைப் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். தரையோடு ஒட்டி வீசும் வட்டமான ‘காயில்’ (கம்பிச்சுருள் தட்டு) பெரும்பாலான கருவிகளில் நீர் புகாதபடி மூடப்பட்டிருக்கும். திரையும் பேட்டரியும் உள்ள மேற்பெட்டி அப்படியிருக்கும் என்று சொல்ல முடியாது. காரெட் ஏஸ் 250 போன்ற கருவியில் காயிலைத் தண்ணீரில் முக்கலாம், பெட்டியை நனைக்கக் கூடாது. மைன்லேப் எக்வினாக்ஸ் 800 முழுவதுமாக 3 மீட்டர் ஆழம்வரை தாங்கும். வரப்போவது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியில் நீர்த்தடுப்பு அளவைக் காட்டும் குறியீடு ஐபி எக்ஸ்4 (IPX4) என்றிருந்தால் அது தூறலையும் தெறிப்பையும் மட்டும் தாங்கும். ஐபி 67 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். அதுவும் புதிய ரப்பர் வளையத்தோடு சோதித்த கணக்கு. தெரியாதபோது நனையக் கூடாத கருவி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தகைய பெட்டிக்குத் தெளிவான பாலித்தீன் பையை மேலிருந்து தளர்வாகக் கவிழ்த்து, அடிப்பக்கத்தைத் திறந்தபடி விடுங்கள். இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்து நீர் கோத்துக்கொள்ளும். காயிலுக்குக் கீழே பிளாஸ்டிக் உறை இருந்தால் அவ்வப்போது கழற்றிக் கழுவுங்கள், ஏனென்றால் அதற்குள் சேறும் தண்ணீரும் தேங்கினால் இல்லாத உலோகத்துக்கு ஒலி எழும்பும். இடி முழக்கம் கேட்டவுடன் கருவியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். இதில் துணிச்சல் காட்ட வேண்டாம்.

கேள்வி: பூம்பாறையில் எங்கள் பூண்டுத் தோட்டத்தில் பழைய இரும்புக் குழாய் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்க மெட்டல் டிடெக்டர் ஒன்றை வத்தலக்குண்டிலிருந்து கொண்டுவந்தேன். ஒரு துளி மழைகூடப் படவில்லை. ஆனால் திரைக்குள் ஆவி படிந்து எழுத்தே தெரியவில்லை. கைப்பேசியை வைப்பதுபோல் அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகர், கொடைக்கானல் வட்டம்

பதில்: அரிசி வேண்டாம். அது ஈரத்தை மிக மெதுவாகத்தான் இழுக்கும். தவிட்டுத் தூசி பொத்தான் இடுக்கிலும் சார்ஜ் துளையிலும் போய் அடைந்துகொள்ளும்.

மழை படாமலே நனைந்ததற்குக் காரணம் மலையேற்றம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 15 டிகிரியில் 13 கிராம்தான் தாங்கும். அடிவாரத்தின் புழுக்கமான காற்று பெட்டிக்குள் அடைபட்டு மேலே வந்து குளிரும்போது, மிச்ச நீராவி கண்ணாடியின் உட்புறத்தில் பனித்துளியாகப் படிகிறது. வீட்டிலும் இதே கதை நடக்கும். குளிரில் தேடிவிட்டு வந்து, வெந்நீர் கொதிக்கிற சமையலறைக்குள் கருவியை நேரே கொண்டுபோனால், அறையின் ஈரக்காற்று அதன் மேல் வியர்க்கும். வெளியிலேயே பைக்குள் வைத்து மூடி, உள்ளே கொண்டுவந்து, அறையின் வெப்பத்துக்கு அது வந்தபிறகு பையைத் திறப்பது நல்லது. ஆனால் அந்தப் பையிலேயே இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள். மலையில் கருவிகள் கெடுவது பெரும்பாலும் மழை நேரத்தில் அல்ல, நனைந்த பையை மூலையில் சாய்த்துவைத்த நாள்களில்தான் என்பது என் கருத்து.

இப்போது செய்ய வேண்டியது இது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பேட்டரி அறையின் மூடியைத் திறந்துவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகளோடு இரண்டொரு நாள் வையுங்கள். நிறம் மாறும் ஆரஞ்சு வகையை வாங்குங்கள். நீல வகையில் நிறத்துக்காக, உடலுக்குக் கேடான கோபால்ட் உப்பு சேர்ப்பதுண்டு. ஈரம் குடித்து நிறம் மாறியதும் 120 டிகிரி அளவில் சூடேற்றினால் மறுபடியும் பயன்படும், ஆனால் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். கணப்புக்கு அருகிலும் ஹேர் டிரையரின் முன்னாலும் காட்டக் கூடாது. பசை இளகும், காற்றின் வேகம் ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். மலைவீடுகளில் துணியும் கேமராவும் பூஞ்சை பிடிக்காமலிருக்க அலமாரிக்குள் குண்டு பல்பை எரியவிடும் வழக்கம் இதற்கும் பொருந்தும். ஆனால் எல்இடி பல்பைப் போட்டுவிட்டுச் சூடு வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

ஈரம் முழுவதும் காயாமல் சார்ஜ் போடாதீர்கள். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் இரவில் திறந்த கொட்டகையில் வைத்தும் போடாதீர்கள். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகக் கெடும். பென்சில் செல் போடும் கருவியானால், பருவம் முடிந்து எடுத்துவைக்கும்போது செல்களை வெளியே எடுத்துவிடுங்கள். கசிந்த செல்லின் காரம் செப்பு முனைகளை அரித்துவிடும்.

கேள்வி: கனமழை மண்ணை அரித்த பிறகு எங்கள் நிலத்தில் பழைய காசுகள் கிடைக்கும் என்கிறார்கள். டிடெக்டர் வைத்துத் தேடினால் குற்றமா? தேவாலாவின் பழைய தங்கச் சுரங்கங்களுக்கும் எடுத்துச் செல்லலாமா?
– ஒரு வாசகர், பந்தலூர்

பதில்: சொந்த நிலத்திலானாலும், மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் புதையலின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டுவரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. வனத்துறை நிலத்திலும், பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களிலும் கருவியோடு கால் வைக்காதீர்கள்.

தேவாலா வேண்டவே வேண்டாம். 1880களை ஒட்டி ஆங்கிலேயக் கம்பெனிகள் தோண்டிக் கைவிட்ட அந்தச் சுரங்கங்களில் உள்ள தங்கம் குவார்ட்ஸ் பாறையில் பொடியாகக் கலந்தது. வழக்கமான டிடெக்டர் அதற்கு ஒலி எழுப்பாது. தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமழை மிகுதியாகப் பெய்யும் ஊர்களில் தேவாலா ஒன்று. ஊறிய மண் சுரங்க வாயில் சரிந்தால் உள்ளே போனவர் மீள்வது அரிது.