வலிப்பு மாத்திரையைக் கூட்டிய பிறகு நடை தள்ளாடுவது வயசாலா, மாத்திரையாலா?

72 வயது அம்மாவுக்கு வலிப்பு மாத்திரையின் அளவைக் கூட்டியதிலிருந்து நடை தள்ளாடுகிறது, வீட்டில் எல்லோரும் வயசு என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வயசு என்று விட்டுவிடாதீர்கள். மாத்திரை பெயரை நீங்கள் சொல்லவில்லை, எப்டாயின், அதாவது ஃபெனிடாயினாக இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கார்பமசெபின் என்றாலும் இப்படி வரலாம்.

என் அப்பாவுக்கு பைக் விபத்தில் தலையில் அடிபட்டதிலிருந்து வலிப்பு. தினமும் 300 மில்லிகிராம் எப்டாயின், ஆறு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. போன ஆடியில் மறுபடி ஒரு தடவை வந்துவிட்டது, டாக்டர் 400 ஆக்கினார். மூன்றே வாரத்தில் காலை அகட்டி வைத்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்க ஆரம்பித்தார், பேச்சும் குழறியது. அப்பா ஒரு காலத்தில் குடித்தவர், விட்டுப் பன்னிரண்டு வருஷம். மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று தெருவே பேசியது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட்டார். அவர்களை விடுங்கள், நானே ஒரு ராத்திரி வாசலில் நிறுத்தி "ஊதுங்கப்பா" என்றேன். ஊதினார். ஒரு வாசனையும் இல்லை. எதுவும் பேசாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

அப்புறம் மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனோம். விரலை ஆட்டிப் பார்க்கச் சொன்னார், அப்பாவின் கருவிழி ஓரத்தில் துடித்தது. ரத்தத்தில் மருந்தின் அளவு பார்த்ததில் ஒரு மில்லிலிட்டருக்கு 34 மைக்ரோகிராம். பொதுவாக 10 முதல் 20 வரை இருக்க வேண்டுமாம்; 20 தாண்டினால் கண் துடிக்கும், 30 தாண்டினால் நடை தள்ளாடும், 40 தாண்டினால் குழப்பம், மயக்கம். கல்லீரல் இந்த மருந்தை ஓரளவுக்கு மேல் கழிக்க முடியாது, வாய்க்கால் நிரம்பிய பிறகு வருகிற தண்ணீர் வயலுக்குள் ஏறுகிற மாதிரி, நூறு மில்லிகிராம் கூட்டினால் ரத்தத்தில் இரண்டு மடங்குகூட ஏறிவிடும் என்றார். இரண்டு வேளை நிறுத்தி, பிறகு 350 ஆக்கினார். பத்து நாளில் அப்பா நேராக நடந்தார்.

   

நான் டாக்டர் இல்லை. ஆங்கில மருந்தே விஷம் என்று சொல்ல வருகிறவர்கள் என்னை அவர்கள் பக்கம் சேர்க்க வேண்டாம், அப்பா உயிரோடு இருப்பதே அந்த மாத்திரையால்தான். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அளவைக் கூட்டிய டாக்டரிடமே போய் ரத்தத்தில் மருந்து அளவு பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதைக் காலை மாத்திரை போடும் முன் எடுப்பது நல்லது. வயசானவர்களுக்கு அல்புமின் என்கிற ரத்தப் புரதம் குறைவாக இருந்தால், ரிப்போர்ட்டில் மருந்து அளவு சரியாகத் தெரிந்தாலும் தள்ளாட்டம் வரலாம், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். டிபிக்கு ஐசோனியாசிட், பூஞ்சைத் தொற்றுக்கு ஃப்ளுகோனசோல் ஏதாவது எடுக்கிறார்களா? அதுவும் இந்த அளவை ஏற்றிவிடும், எல்லா அட்டையையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அதுவரை ராத்திரியில் அம்மாவைத் தனியாக பாத்ரூமுக்கு விடாதீர்கள்.