தூரத்தைப் பார்க்கும் குட்டி

அன்புள்ள ஐயா,

போன மாதம் கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி வாங்கி வந்தேன். பெட்டை, சாம்பல் நிறம். இப்போது மூன்று மாதம். சிட்டு என்று கூப்பிடுகிறோம். கொடுத்தவர், “கட்டிப்போட்டு வளருங்க. வெளியாள் மொகத்தக் காட்டாதீங்க. உங்க கையால மட்டும் சோறு வைங்க, அப்பத்தான் ஒட்டும்” என்றார். வீட்டில் என் காலடியிலேயே கிடக்கிறாள். தோப்புக்குக் கூட்டிப் போனால் வேறு நாயாகிவிடுகிறாள். பந்து போட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பெயர் சொன்னால் காது மட்டும் அசைகிறது. எங்கோ தூரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். என்னோடு ஒட்டவே இல்லையோ என்று வருத்தமாக இருக்கிறது. அப்புறம் இன்னொன்று. இவள் தாய் முயல் பிடித்த நாயாம். வேட்டைக்கென்றே பிறந்த உயிரை வேட்டைக்கு விடாமல் வளர்ப்பது அநியாயமா?

ஒரு வாசகர், பொள்ளாச்சி

அன்புள்ள நண்பருக்கு,

சிட்டு உங்களோடு ஒட்டிவிட்டாள். தாயைப் பிரிந்து வந்த குட்டி ஒரு மாதத்துக்குள் உங்கள் காலடியைத் தேடி வந்து படுக்கிறது என்றால் அதில் சந்தேகமே வேண்டாம். தோப்பில் அவள் செய்வதை மட்டும் நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப்போய் நாயைச் சங்கிலியில் கட்டிவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சிப்பிப்பாறையும் அதே பக்கத்துக் கன்னி இனமும் கண்ணால் வேட்டையாடும் நாய்கள். மோப்பம் பிடித்துத் தரையோடு தரையாகப் போகும் இனங்கள் வேறு. இவற்றின் நீண்ட மெல்லிய முகத்தையும் கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதையும் பாருங்கள், தலையைத் திருப்பாமலே பெரும்பரப்பைப் பார்க்க முடியும். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கக் கரிசல் காடு அறுவடை முடிந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. அங்கே பருத்திமாருக்குள்ளிருந்து முயல் ஒன்று எழுந்தால், நாய் அந்த நொடியே முடிவெடுத்துப் பாய வேண்டும். எஜமானைத் திரும்பிப் பார்த்து உத்தரவுக்குக் காத்திருந்தால் முயல் போய்விடும். தானே பார்த்துத் தானே முடிவெடுக்கும் நாய்களைத்தான் தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொண்டு இனம் பெருக்கினார்கள். லாப்ரடார் சுட்டு விழுந்த பறவையை எடுத்துவந்து கையில் கொடுப்பதற்காக வளர்க்கப்பட்ட இனம். அதற்குப் பந்து பிடிக்கும். சிட்டுவிடம் பந்தைக் கொடுத்துவிட்டு அவள் மதிக்கவில்லை என்று வருந்தாதீர்கள்.

ஆக, அவள் தூரத்தைப் பார்க்கும்போது நீங்கள் அதற்குப் போட்டியாக நிற்கக் கூடாது. “சிட்டு, சிட்டு” என்று பத்து தரம் கூப்பிட்டால் அந்தப் பெயர் அவளுக்குக் காற்றுச் சத்தத்தோடு சேர்ந்துவிடும். பதிலாக, காலையில் வெயில் ஏறுவதற்கு முன் அவளைத் தோப்புக்குக் கூட்டிப்போய் வரப்பில் உட்கார்ந்துவிடுங்கள். இலேசான நீளக் கயிறு ஒன்று போதும். எதுவும் பேச வேண்டாம். அவள் எங்கே பார்க்கிறாளோ அங்கே நீங்களும் பாருங்கள். வாய்க்கால் ஓரம் மயில் போகலாம், செம்போத்து தாவலாம், யாரோ மட்டை இழுத்துக்கொண்டு போகலாம். ஒரு முன்னங்கால் மடிந்து மேலே நிற்கும், முதுகு விறைக்கும், மூச்சுகூடத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் உடம்பு தளரும், ஒரு பெருமூச்சு வரும், அப்புறம் கழுத்தைத் திருப்பி உங்களை ஒரு பார்வை பார்ப்பாள். அரை நொடிதான். அதை மட்டும் தவறவிடாதீர்கள். சந்தோஷமாக ஒரு வார்த்தை சொல்லி, வேகவைத்த கோழி ஈரலில் ஒரு துணுக்கு கொடுங்கள். வாங்கிக்கொண்டு மறுபடி தூரத்தைப் பார்க்கப் போய்விடுவாள். போகட்டும். அடுத்த பார்வை இன்னும் சீக்கிரம் வரும். கேட்காமலே அவள் தரும் இந்தப் பார்வைதான் பின்னால் கூப்பிட்டால் வருவதற்கு அடித்தளம்.

இன்னொன்று, அவள் பின்னால் நீங்கள் போகாதீர்கள். சொல்லாமல் திசை மாற்றி நடங்கள். இந்த வயதுக் குட்டிக்குத் தன் ஆளைத் தவறவிடும் பயம் இயல்பிலேயே உண்டு, ஓடி வந்துவிடுவாள். சில சமயம் தென்னை மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று அவள் தேடி வரும்வரை காத்திருக்கலாம். அவள் பதறும் அளவுக்கு நீட்ட வேண்டாம். நாலைந்து மாதம் ஆனதும் இந்தப் பயம் குறைந்து தைரியம் வந்துவிடும். பின்தொடரும் பழக்கம் அதற்கு முன்பே உடம்பில் ஊறியிருக்க வேண்டும். அதனால்தான் இந்த மாதம் உங்களுக்கு அவ்வளவு முக்கியம்.

கழுகுமலைப் பக்கம் ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். கறுப்புக் கன்னி ஒன்றை வைத்திருந்தார். விடியற்காலையில் காட்டுக்குப் போகும்போது அது முன்னால் போகும். அவர் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஒவ்வொரு வரப்பு வந்ததும் நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்வார், சும்மா நாலு பக்கமும் பார்ப்பார். நாயும் நின்றுவிடும், அவர் நகர்ந்ததும் நகரும். சைகையும் இல்லை, விசிலும் இல்லை. குட்டியிலிருந்தே ஒன்றாக நடந்து, ஒன்றாக நின்று வந்த பழக்கம் அது. நாயை ஒட்டவைக்க அவர் தனியாக எதுவும் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

குட்டி கொடுத்தவர் சொன்னதில் கையால் சோறு வைப்பது நல்ல விஷயம், அதை விடாதீர்கள். கட்டிப்போடுவதையும் வெளியாளைக் காட்டாததையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாய்க்குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரைதான். அமெரிக்காவில் குட்டிகளைப் பதினான்கு வாரம்வரை மனிதத் தொடர்பில்லாமல் வளர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1961இல் வெளியானது. அந்தக் குட்டிகள் அதன் பிறகு மனிதர்களை அண்டவிடவில்லை. சிட்டுவுக்கு அந்தக் காலம் முடியும் தறுவாயில் இருக்கிறது.

கரிசல் காட்டு மக்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. யாரும் சீந்தாத காலத்தில் இந்த இனங்களைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். ஆனால் அங்கே கட்டிப்போட்ட குட்டியும் ஆடு, கோழி, மாட்டுவண்டி, தெருப்பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் கிடக்கும். நம் காம்பவுண்டுச் சுவருக்குள் அதே ஆலோசனையைக் கொண்டுவந்தால் சங்கிலி மட்டும்தான் மிஞ்சும். 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்ன பிறகு நகரங்களிலும் இவற்றைத் தேட ஆரம்பித்தார்கள். மொட்டை மாடியில் கட்டிக்கிடக்கும் சிப்பிப்பாறைகளைப் பார்த்திருக்கிறேன். ஓடப் பிறந்த உடம்பு அரை வட்டமாகச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்க்க முடியவில்லை.

தடுப்பூசி ஒரு சிக்கல்தான். குட்டிகளின் உயிருக்கே ஆபத்தான பார்வோ என்ற வயிற்றுப்போக்கு நோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஊசித் தவணைகள் முடியும்வரை, அதாவது நாலு மாதம்வரை, தெருநாய்கள் வந்துபோகும் இடத்தில் அவளைத் தரையில் விடாதீர்கள். உங்கள் தோப்புக்கு வேலி இருந்து, வெளிநாய் வராது என்றால் பயமில்லை. மற்ற இடங்களுக்கு மடியில் வைத்துக் கொண்டுபோங்கள். பொள்ளாச்சிச் சந்தைக்கு வெளியே வண்டியை நிறுத்தி, மாடும் லாரியும் கூட்டமும் போவதை உங்கள் மடியிலிருந்தே பார்க்கட்டும். வெறிநாய்க்கடி ஊசிக்கும் இப்போது வயதாகிவிட்டது. மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள், உண்ணி மருந்தும் கேளுங்கள்.

கழுத்துப்பட்டையில் மிகுந்த கவனம் வேண்டும். இந்த நாய்களுக்குத் தலை சிறியது, வளர வளரக் கழுத்து அதைவிடப் பருக்கும். கடையில் கிடைக்கும் சாதாரண பெல்ட்டைப் பின்பக்கமாக ஓர் இழுப்பில் உருவிக்கொண்டு போய்விடும். இழுத்தால் அளவோடு இறுகி, விட்டால் தளரும் அகலமான துணிப்பட்டை வாங்குங்கள். தோப்புக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா? இல்லையென்றால் அவளைக் கயிறில்லாமல் விடும் பேச்சே வேண்டாம். துரத்தும்போது இவற்றுக்கு முன்னால் ஓடுவது மட்டும்தான் தெரியும், கிணறு தெரியாது. தோப்பு ஆனைமலை அடிவாரத்தை ஒட்டி இருந்தால் பொழுது சாய்ந்த பிறகு போகாதீர்கள், சிறுத்தைக்கு நாய் எளிய இரை. குட்டியை பைக்குக்குப் பக்கத்தில் ஓடவிட்டுப் பயிற்சி கொடுக்கிறார்களே, அது கொடுமை. ஒரு வயது தாண்டும்வரை கால் எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும். அவளாக ஓடி அவளாக நிற்கட்டும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. முயல் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கொன்றால்தான் குற்றம் என்றில்லை, நாயை விட்டுத் துரத்தினாலும் அந்தச் சட்டத்தில் அது வேட்டைதான். சட்டம் இல்லாவிட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தரிசெல்லாம் பிளாட்டாகி, முயலுக்கு ஒதுங்கப் புதர் இல்லாத காலம் இது.

இதில் சிட்டுவுக்கு அநியாயம் ஏதுமில்லை. அவளைக் கிளப்புவது ஓடும் பொருள், இரத்தம் இல்லை. நன்றாக வளர்ந்த பிறகு, வேலி போட்ட இடத்தில் நீளக் கயிற்றின் நுனியில் பழைய துணியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஓடிப் பாருங்கள், அந்தப் பாய்ச்சல் முழுசாக வெளிப்படும். வேட்டைக்குப் போன நாள்களிலும் பெரும்பகுதி நேரம் நடையும் காத்திருப்பும்தானே? இருட்டோடு எழுந்து தன் ஆளோடு கிளம்புவது, புது வாசனையில் நிற்பது, தூரத்தில் அசைவதைப் பார்ப்பது, களைத்து வந்து அவர் பக்கத்தில் படுப்பது. முயலை எடுத்துவிட்டால் மீதி எல்லாவற்றையும் நீங்கள் அவளுக்குக் கொடுக்கலாம். கொடுக்காமல் விட்டால்தான் அநியாயம்.

உங்கள் பக்கம் ஆட்டுப்பட்டி இருந்தால் இந்த வாரமே ஆரம்பியுங்கள். ஆடுகள் படுத்து அசைபோடும் நேரமாகப் பார்த்துக் கொஞ்சம் தள்ளிச் சிட்டுவோடு உட்காருங்கள். முதல் நாள் எவ்வளவு தூரத்தில் அவள் உடம்பு விறைக்காமல் இருக்கிறாளோ அந்தத் தூரம் போதும். அவள் தளர்ந்து உட்காரும்போது கொஞ்சம் கிட்டப் போகலாம். ஆடு துரத்தும் பொருள் இல்லை என்பதை இந்த வயதில் அமைதியாகக் கற்றுக்கொள்வாள். ஒரு வயது நாய்க்கு அதைச் சொல்லித் தருவது பெரும்பாடு. கோழிகளோடும் இப்படியே பழக்குங்கள்.

அன்புடன்.