பொது வீடும் பதினாறு புள்ளிகளும்

அன்புள்ள ஐயா,

செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. பங்காளிகள் பதினாறு புள்ளி, அதாவது பதினாறு குடும்பம். முற்றத்தைச் சுற்றிய வளவில் மேற்குப் பத்தி ஓடு சரிந்து, அறைகளுக்குள்ளும் மழை இறங்குகிறது. "படித்த பையன், நீயே முன்னே நின்று பார்" என்று என்னிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். வாட்ஸ்அப் குழு, எக்செல் கணக்கு, கொத்தனார்களிடம் மதிப்பீடு எல்லாம் முறையாகச் செய்தேன். பெரியப்பா பழைய ஓடுதான் வேண்டும் என்கிறார். சிங்கப்பூர் அண்ணன் தகரம் போடச் சொல்கிறார். ஒரு ஆச்சி அறைச் சாவியையே தர மாட்டேன் என்கிறார். நாலு பேர் பதிலே போடுவதில்லை. அலுவலகத்தில் இருபது பேரை வைத்து வேலை வாங்குகிறவன் நான். இங்கே முடியவில்லை. ஒதுங்கிவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒதுங்க வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். சுவரோடு சாத்தி வைத்திருக்கும் பர்மா தேக்குத் தூண்களும் நிலைகளும் யாரோ பிரித்து விற்ற வீடுகளிலிருந்து வந்தவை. அப்படிப் போன சில வீடுகளில் கடைசிக் காலத்தில் சண்டை போடக்கூட ஆள் வரவில்லை. உங்கள் பெரியப்பா ஓட்டுக்காகக் கோபப்படுகிறார் என்றால் அந்த வீட்டை அவர் இன்னும் தன்னுடையதாக நினைக்கிறார். எனக்கு அது பெரிய சொத்தாகத் தெரிகிறது.

அலுவலகத்தோடு ஒப்பிட வேண்டாம். அங்கே சம்பளம் வாங்குகிறார்கள், கேட்கிறார்கள். இங்கே பதினாறு பேரும் முதலாளி.

செட்டிநாட்டில் கல்யாணமான மகனையும் மருமகளையும் 'வேறு வைக்கிற' வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். அரிசி பருப்பு வேறு, அடுப்பு வேறு, வரவு செலவு வேறு. ஆனால் வீடு ஒன்றுதான். முகப்பும் பட்டாலையும் வளவும் எல்லோருக்கும் பொது. கோயில் வரிக்குக் கல்யாணமான ஒவ்வொரு ஆணின் குடும்பமும் ஒரு புள்ளி. எல்லாவற்றிலும் ஒத்துப்போகச் சொன்னால் மனிதர்களால் முடியாது என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு இது. குழம்பில் எவ்வளவு புளி என்று ஓட்டெடுப்பு நடத்தவில்லை. ஆகவே நீங்களும் பொதுவாக எது இருந்தே தீர வேண்டும் என்று பாருங்கள். கூரையும், முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் வழியும். அவ்வளவுதான். சுண்ணாம்பா பெயின்ட்டா, எவர் அறைக் கதவுக்கு என்ன பூட்டு என்பதெல்லாம் அவரவர் பாடு, குழுவில் பேசவே வேண்டாம்.

ஓடா தகரமா என்றால் நான் பெரியப்பா பக்கம். ஓடு உடைந்தால் உடைந்ததை மட்டும் மாற்றலாம், தகரத்தடியில் சித்திரை மாதம் யாரும் உட்கார முடியாது. அதற்காக அண்ணனைத் தள்ளிவிடாதீர்கள். ஓட்டுக்கூரையை அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டியிருக்கும். வருஷா வருஷம் பணம் கேட்டு போன் வருமே என்ற பயம்தான் அவரைத் தகரம் கேட்க வைக்கிறது என்று நினைக்கிறேன். நியாயமான பயம். பராமரிப்புக்கு என்று ஒரு தொகையை இப்போதே சேர்த்து வங்கியில் போட்டுவிடலாமா என்று அவரிடமே கேளுங்கள், கணக்கையும் அவரே பார்க்கட்டும்.

ஆச்சி விஷயம் வேறு. அந்த அறையில் என்ன இருக்கும்? கல்யாணத்துக்கு வந்த பித்தளை, வெண்கலம், மங்குச் சாமான், பர்மாக் கூடை, இருப்புப் பெட்டி. ஓட்டைப் பிரித்தால் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். யார் தூக்குவார்கள், எங்கே வைப்பார்கள், திரும்பி வரும்போது எண்ணிக்கை சரியாக இருக்குமா? இதை வாட்ஸ்அப்பில் ஒரு மூத்த பெண் எப்படிக் கேட்பார்? நேரில் போங்கள், ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு. ஆச்சியைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒவ்வொரு சாமானையும் அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். ஒரு தூக்குச்சட்டிக்குக் கால் மணி நேரக் கதை வரும். கேளுங்கள். அவசரப்படுத்தினால் சாவி மறுபடி முந்தானைக்குப் போய்விடும். பட்டியல் ஒன்று அவரிடம், ஒன்று உங்களிடம். பூட்டை அவரே போடட்டும்.

பதில் போடாத நாலு பேரைத் தனித்தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். கையில் பணம் இல்லாதவர் குழுவில் அதைச் சொல்ல மாட்டார். அப்படி ஒருவர் இருந்தால் அவர் பங்கைத் தவணையாக வாங்குங்கள், அது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பிறகும் ஓரிருவர் முறைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். இருக்கட்டும், பெரும்பாலோர் சரி என்றதும் கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி மழை யார் சம்மதத்துக்கும் காத்திருக்காது.