ஏ.என்.ஏ பரிசோதனை: ஒரு லேபில் 900, இன்னொரு லேபில் 5,500 ஏன்?

கேள்வி: என் மனைவிக்கு 34 வயது. நான்கு மாதமாகக் கை மூட்டுகளில் வலி. வெயிலில் போய் வந்தால் கன்னம் சிவந்து தடிக்கிறது. டாக்டர் சீட்டில் ‘ஏ.என்.ஏ’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். விழுப்புரத்தில் ஒரு லேபில் 900 ரூபாய் என்கிறார்கள், இன்னொன்றில் 5,500. எங்கே எடுப்பது? காப்பீட்டில் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அந்த இரண்டு லேபும் சொன்னது ஒரே பரிசோதனையின் விலையாக இருக்க வாய்ப்பில்லை. ‘ஏ.என்.ஏ’ என்ற பெயரில் மூன்று விதமான பரிசோதனைகள் நடக்கின்றன. நம் உடலே தன் செல்களின் உட்கருவைத் தாக்க உருவாக்கும் ஆன்டிபாடிகளைத்தான் மூன்றும் தேடுகின்றன. ஆனால் முறை வேறு, செலவு வேறு.

எலைசா முறை மலிவு. மெஷின் ஓர் எண்ணைத் தந்துவிடும். பெரும்பாலும் 500 முதல் 900 ரூபாய்க்குள் முடியும். இரண்டாவது ஐ.எஃப்.ஏ. கண்ணாடித் தகட்டில் ஒட்டிய ஹெப்-2 என்ற மனித செல்கள்மீது உங்கள் மனைவியின் சீரத்தை ஊற்றி, ஒளிரும் சாயம் சேர்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். (சீரம் என்பது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்.) எவ்வளவு நீர்த்த பிறகும் ஒளிர்கிறது, எந்த வடிவத்தில் ஒளிர்கிறது என்பதைப் பழகிய கண்தான் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 800 முதல் 1,500 ரூபாய் வரை ஆகும். மூன்றாவது, ‘ஏ.என்.ஏ ப்ரொஃபைல்’ அல்லது ‘பிளாட்’. ஒரு பட்டையில் எஸ்.எம், ஆர்.என்.பி, ரோ, லா, எஸ்.சி.எல்-70, ஜோ-1 என்று பதினைந்துக்கும் மேற்பட்ட ஆன்டிபாடிகளைத் தனித்தனியாகப் பார்ப்பது. ஒரு நோயாளிக்கு ஒரு பட்டை, ஒரு முறைதான் பயன்படும். அதனால்தான் 4,000, 5,000 என்று போகிறது. உங்களிடம் 5,500 கேட்டவர்கள் அநேகமாக இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

உங்கள் மனைவிக்கு முதலில் வேண்டியது ஐ.எஃப்.ஏ. 2019-ல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய்) வரையறையில், ஹெப்-2 செல்லில் 1:80 அளவிலாவது, அதாவது சீரத்தை எண்பது மடங்கு நீர்த்த பிறகும், ஏ.என்.ஏ இருப்பதுதான் நுழைவாயில். அது நெகட்டிவ் என்றால் ப்ரொஃபைலுக்குக் கொட்டும் பணம் பெரும்பாலும் வீண். ரோ, ஜோ-1 ஆன்டிபாடிகள் சில சமயம் ஐ.எஃப்.ஏ-வில் தப்பிவிடும் என்பது உண்மைதான். அந்தச் சந்தேகம் இருந்தால் டாக்டரே தனியாக எழுதிக் கேட்பார். பாசிட்டிவ் என்றாலும் உடனே லூபஸ் என்று பயப்பட வேண்டாம். நலமாக இருப்பவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேருக்கு 1:160 அளவில் பாசிட்டிவ் வரும். இன்னும் குறைந்த அளவுகளில் அதைவிடப் பலருக்கு வரும். அறிகுறியே இல்லாதவர்கள் ‘எதற்கும் பார்த்து வைப்போம்’ என்று இதை எடுக்கக் கூடாது என்பது அதனால்தான். உங்கள் மனைவிக்கு வெயிலில் தடிப்பும் மூட்டுவலியும் இருப்பதால் எடுப்பது நியாயம்.

டாக்டரிடம் இரண்டே விஷயம் கேளுங்கள்: “ஐ.எஃப்.ஏ போதுமா? பாசிட்டிவ் வந்தால் மட்டும் அடுத்ததைப் பார்க்கலாமா?” சரி என்றால் அதையே சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் தீர்மானிக்கும் நிலை வராது. லேபில், சீரத்தை ஒரு வாரம் வைத்திருக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளிரில் வைத்தால் பல நாள் தாங்கும். பாசிட்டிவ் வந்தால் அதே சீரத்தில் டி.எஸ் டி.என்.ஏ என்ற இன்னோர் ஆன்டிபாடியையும் மற்றதையும் பார்த்துவிடலாம், இன்னொரு ஊசிக் குத்து மிச்சம். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை.

சின்ன ஊர் லேபுகள் பெரும்பாலும் சாம்பிளைச் சென்னைக்கோ வேறு பெருநகரத்துக்கோ அனுப்புகின்றன. நீங்கள் கொடுக்கும் விலையில் அந்தப் போக்குவரத்தும் சேகரிப்பு மையத்தின் பங்கும் அடக்கம். எங்கே பரிசோதிக்கிறார்கள், அந்த லேபுக்கு ஆய்வகத் தரத்துக்கான என்.ஏ.பி.எல் அங்கீகாரம் உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை. ‘இந்த லேபில் மட்டும்தான் எடுக்க வேண்டும்’ என்று யாராவது வற்புறுத்தினால் காரணம் கேளுங்கள். மருத்துவர்கள் பரிந்துரைக்காகக் கமிஷன் வாங்குவதை 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளே தடை செய்கின்றன.

‘மூட்டுவலி பேக்கேஜ்’ என்று ஏ.எஸ்.ஓ (தொண்டைக் கிருமித் தொற்றைக் காட்டுவது), யூரிக் அமிலம் எல்லாம் சேர்த்து விற்பார்கள். 34 வயதுப் பெண்ணுக்கு அதில் பாதி தேவையற்றது. அதைவிட, நூறு, இருநூறு ரூபாயில் முடியும் சிறுநீர்ப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். லூபஸ் என்றால் சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறதா என்று முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். காலையில் விரல்கள் வெகுநேரம் விறைத்துக் கிடந்தால் முடக்குவாதத்துக்கான சி.சி.பி ஆன்டிபாடியும் வேண்டுமா என்று கேளுங்கள். அதற்குத் தனியாக ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, புறநோயாளியாக எடுக்கும் பரிசோதனைக்குச் சாதாரண பாலிசிகள் பணம் தருவதில்லை. பின்னால் இதே நோய்க்காக மருத்துவமனையில் சேர நேர்ந்தால், சேர்வதற்கு முந்தைய 30 நாள் செலவைப் பல பாலிசிகள் ஏற்கும். எனவே பில்லையும் டாக்டர் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். செலவு பாரமாக இருந்தால், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மர் தொலைவில்லை. அங்கே இந்த நோய்களுக்கென்றே மருத்துவ நோய்த்தடுப்பியல் துறை இருக்கிறது. கூட்டமும் காத்திருப்பும் அதிகம், கட்டணம் வெளியே ஆகும் செலவை விடக் குறைவு. சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வாதநோய்த் துறை உண்டு.

பாசிட்டிவ் என்று ஒருமுறை வந்துவிட்டால் ஏ.என்.ஏ-வை மறுபடி மறுபடி எடுக்க வேண்டாம். நோய் ஏறுவதும் இறங்குவதும் அதில் தெரியாது. லூபஸ் உறுதியானால் திரும்பத் திரும்பப் பார்ப்பது டி.எஸ் டி.என்.ஏ, ரத்தத்தில் உள்ள சி3, சி4 என்ற எதிர்ப்புச் சக்திப் புரதங்கள், சிறுநீர்ப் புரதம் ஆகியவற்றைத்தான்.

ரிப்போர்ட் வாங்கும்போது வெறும் ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் இருந்தால் அப்படியே வந்துவிடாதீர்கள். 1:100, 1:320 போன்ற அளவும், எந்த வடிவத்தில் ஒளிர்ந்தது என்பதும் அதில் இருக்க வேண்டும். ஐ.எஃப்.ஏ-வுக்கு நீங்கள் கொடுத்த பணத்தில் அந்த இரண்டும் சேர்த்திதான்.