வளைவுப் பாதைக்குக் கடப்பா கல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கேட்டிலிருந்து திண்ணை வரை கால் வட்டமாக, 3 அடி அகலத்தில் கடப்பா கல் பாதை போடப்போகிறோம். கல் எல்லாம் செவ்வகம். வளைவில் விழும் இடைவெளியைக் கலவையால் அடைத்துவிடலாம் என்கிறார் கொத்தனார். சரியா? (வாசகி, நாமக்கல்)

பதில்: அடைக்கலாம், ஆனால் நிற்காது. நடுக்கோட்டின் ஆரம் 12 அடி என்று வைத்துக்கொள்வோம். 3 அடிக்கு 1 அடி கல்லைக் குறுக்காகப் போட்டு, உள் ஓரத்தில் அரை அங்குலம் விட்டால், வெளி ஓரத்தில் 4 அங்குலம் வாய் பிளக்கும். அந்த ஆப்பு வடிவக் கலவைதான் முதலில் விரிசல் விட்டுப் பெயரும்.

கல்லைத்தான் வெட்ட வேண்டும். வெளி முனை 12 அங்குலம் அப்படியே இருக்கட்டும். உள் முனையில் பக்கத்துக்கு ஒன்றேகால் அரைக்கால் அங்குலம் (35 மி.மீ.) குறைத்தால் 9¼ அங்குலம் நிற்கும். தகரத்தில் ஓர் அச்சு வெட்டிக்கொண்டால் போதும், எல்லாக் கல்லுக்கும் அதுவே. இதற்காகத்தான் பாதை சரியான வட்டத்தின் துண்டாக இருக்க வேண்டும் என்கிறோம். கண்ணளவில் வளைத்தால் ஒவ்வொரு கல்லுக்கும் தனி அளவு. மையத்தில் முளை அடித்து, 10½ அடி, 13½ அடி கயிற்றால் இரண்டு கோடும் சுண்ணாம்புத் தூளில் போடுங்கள்.

கால் வட்டத்துக்கு 20 கல் வரும். உடைசலுக்கு 2 சேர்த்து வாங்குங்கள். கனம் ஒன்றரை அங்குலம், பாலிஷ் போடாதது. பாலிஷ் கல் மழையில் வழுக்கும். 6 அங்குலம் தோண்டி, வெட்மிக்ஸ் (ஜல்லியும் கல்தூளும் ஈரமாகக் கலந்தது) 25 கன அடி கொட்டி, நீர் தெளித்து, இரண்டு தடவையாகத் திமிசுக் கட்டையால் இடித்து 4 அங்குலமாக இறுக்குங்கள். கரிசல் மண் என்றால் இன்னும் அரையடி தோண்டிக் கிராவல் நிரப்பாமல் தொடங்க வேண்டாம். மேலே 1:6 கலவை (ஒரு பங்கு சிமென்ட், ஆறு பங்கு மணல்) ஒன்றரை அங்குலம். சந்து பூசுவதையும் சேர்த்து ஒன்றரை மூட்டை சிமென்ட், 10 கன அடி எம்-சாண்ட் ஆகும். அகலத்தில் அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக, தோட்டத்துப் பக்கம் வாட்டம் கொடுங்கள். கல் மண்ணைவிட ஓர் அங்குலம் உயர்ந்து நிற்கும்.

கேள்வி: போட்ட மூன்றே மாதத்தில் கற்கள் ஆடுகின்றன, இரண்டு உடைந்தும்விட்டன. ஏன்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் கேட்டால், நாலு மூலைக்கும் நடுவுக்கும் கலவை உருண்டை வைத்துக் கல்லை அமுக்கியிருக்கிறார்கள். சீக்கிரம் மட்டம் பிடிக்க இது வசதி. ஆனால் அடியில் வெற்றிடம் இருப்பதால் கால் வைத்ததும் கல் முறியும். பெயர்த்தெடுத்து, முழுப்பரப்பிலும் கலவை விரித்து, கல்லின் அடியில் சிமென்ட் பால் (நீரில் கரைத்த சிமென்ட்) தடவி, ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வையுங்கள். இரண்டு நாள் யாரும் மிதிக்கக் கூடாது. சந்துகளை மறுநாள் 1:3 கலவையால், ஓரத்தில் நின்றபடி நிரப்பி, ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள்.

கேள்வி: கல்மேல் படிந்த சிமென்ட் கறைக்கு ஆசிட் ஊற்றலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கூடாது. கடப்பா சுண்ணாம்புக் கல் வகை. ஆசிட் பட்டால் பொங்கி, வெளுத்து, சொரசொரவென்று ஆகிவிடும். காய்வதற்குள் ஈரத் துணியால் துடைப்பதே வழி. காய்ந்துவிட்டால் தகட்டுக் கரண்டியால் சுரண்டுங்கள்.