பழைய புகைபோக்கி வழியே வளர்ப்பறைக் காற்று: கேள்வி பதில்

வீட்டுக்குள் விளக்கு வைத்துச் செடி வளர்ப்பவர்கள் பலர், பயன்பாட்டில் இல்லாத புகைபோக்கி வழியாகச் சூட்டையும் ஈரத்தையும் வெளியேற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். ஆனால் இன்றும் எரிகிற அடுப்போ கேஸ் ஹீட்டரோ அதே புகைபோக்கியில் சேர்ந்திருந்தால் வேண்டவே வேண்டாம். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், எங்கள் புகைபோக்கி பல வருடமாகச் சும்மா இருக்கிறது. சூடான காற்று தானாக மேலே போய்விடுமே, ஃபேன் எதற்கு?

போகும், ஆனால் போதாது. புகைபோக்கியின் இழுவை இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: உயரம், உள்ளே வெளியே வெப்ப வித்தியாசம். ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 0.04 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) இழுவை கிடைக்கும். 8 மீட்டர் புகைபோக்கி, 10 டிகிரி வித்தியாசம் என்றால் 3 பாஸ்கல் சொச்சம்தான். விறகு எரிந்த காலத்தில் கதையே வேறு. உள்ளே 200 டிகிரி இருந்தால் அதே உயரத்தில் 35 பாஸ்கல் வரை இழுக்கும். உங்கள் விளக்கால் அந்தச் சூட்டைத் தர முடியாது. நாற்றம் பிடிக்கும் கார்பன் ஃபில்டர் ஒன்றும் குழாயில் இரண்டு வளைவும் வைத்தாலே அந்த 3 பாஸ்கல் காணாமல் போய்விடும். வெயில் காலத்தில் வெளிக்காற்று அறையைவிடச் சூடாகிவிட்டால் காற்று தலைகீழாக இறங்கவும் செய்யும். ஃபேன் வேண்டும்.

எவ்வளவு பெரிய ஃபேன்? 600 வாட் விளக்கு வைத்திருக்கிறேன்.

விளக்கு இழுக்கும் மின்சாரம் கடைசியில் கிட்டத்தட்ட முழுக்கச் சூடாகத்தான் மாறும். வெளியிலிருந்து வரும் காற்றைவிட அறை 5 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்றால், 600 வாட்டுக்கு மணிக்குச் சுமார் 360 கன மீட்டர் காற்று வெளியேற வேண்டும். 3 டிகிரிதான் பொறுப்பேன் என்றால் 600 கன மீட்டர். ஃபேன் பெட்டியில் போட்டிருக்கும் அளவு எந்தத் தடையும் இல்லாதபோது கிடைப்பது, அதனால் ஒரு படி பெரியதாக வாங்கி வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். காற்று உள்ளே வரும் துளை, வெளியே போகும் குழாயைவிடப் பெரிதாக இருக்கட்டும்.

குழாய் எதற்கு அண்ணா, செங்கல் புகைபோக்கிக்குள் நேராகவே ஊதிவிட்டால் என்ன?

சூட்டைப் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள், ஈரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. செடிக்கு ஊற்றும் தண்ணீரில் சில சதவீதம்தான் செடியில் தங்குகிறது. மீதி இலை வழியாகவும் மண் வழியாகவும் காற்றில் கலக்கிறது. தினம் 10 லிட்டர் ஊற்றினால், ஏறக்குறைய 10 லிட்டரையும் புகைபோக்கி வழியாக அனுப்புகிறீர்கள் என்று அர்த்தம். கூரைக்கு மேலே நிற்கும் பகுதி குளிர்ந்திருக்கும்போது அந்த ஆவி அங்கேயே தண்ணீராகிச் சுவரில் இறங்கும். பழைய கரியில் கந்தக உப்புகள் இருக்கும். ஈரம் பட்டதும் அமிலமாகிச் செங்கல் இடுக்குச் சாந்தை அரிக்கும். வீட்டுக்குள் முதலில் தெரிவது, மேல்மாடி அறைச் சுவரில் தேநீர் நிறத்தில் ஒரு கறை. பெயிண்ட் அடித்தாலும் சில வாரத்தில் திரும்ப வரும். பக்கத்தில் போனால் ஈரப் புகை நாற்றம் அடிக்கும்.

அதனால் முதலில் ஆள் வைத்துக் கரியையும், தார் போல ஒட்டியிருக்கும் கிரியோசோட்டையும் எடுங்கள். அது தீப்பிடிக்கிற பொருள். அப்புறம் வெப்பக்காப்புச் சுற்றிய லைனரை, அதாவது புகைபோக்கிக்குள் செல்லும் உள்குழாயை, இறக்குங்கள். அடியில் ஒரு டி இணைப்பு வைத்து வடியும் தண்ணீரைப் பிடியுங்கள்.

ஃபேன் கட்டாயம் வேண்டுமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

குளியலறை கேஸ் ஹீட்டர் அதே புகைபோக்கியில்தான் சேர்கிறது. அது காலையில் மட்டும்தான் ஓடும். வளர்ப்பறை ஃபேனை இரவில் மட்டும் ஓட்டலாமா?

கூடாது. ஹீட்டர் ஓடும்போது உங்கள் ஃபேன் நின்றிருந்தால், கார்பன் மோனாக்சைடு உங்கள் குழாய் வழியாக வளர்ப்பறைக்கு வரும். நிறமில்லை, மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். புகைபோக்கி வேறு வேறாக இருந்தாலும் கவனம் வேண்டும். பலமான ஃபேன் வீட்டுக் காற்றை உறிஞ்சும்போது ஹீட்டரின் புகை வெளியே போகாமல் உள்ளே திரும்பும். மோனாக்சைடு அலாரம் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

புகைபோக்கி வழியாகப் புதுக்காற்றை உள்ளே இழுக்கலாமா?

வேண்டாம். கரித்தூள் இலையில் படியும். பக்கத்துப் புகைபோக்கியின் புகையும் கூடவே வரும், அதில் செடியின் வளர்ச்சியைக் கெடுக்கும் எத்திலீன் வாயு இருக்கும். விளக்கெரிக்கும் வாயுவில் இருந்த எத்திலீன்தான் பட்டாணி நாற்றுகளைக் கோணலாக வளர வைத்தது என்று 1901-இல் ரஷ்யாவின் நெல்யூபவ் காட்டினார். தக்காளி இலை காரணமில்லாமல் கீழ்நோக்கி வளைந்தால் அதையும் சந்தேகிக்க வேண்டும்.

காளான் அறைக்கும் இது பொருந்துமா?

காளான் வித்துத்தூள் விவகாரம் தனி. காளான் வளர்ப்பவர்களிடம் கேளுங்கள்.

எங்களுடையது சிமெண்டுக் குழாய், பக்கவாட்டில் துளையிடலாமா?

பழையதென்றால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சோதிக்காமல் துளையிடாதீர்கள்.

(ஒரு நண்பர்) ஃபேனைப் புகைபோக்கிக்கு அடியில்தான் வைக்க வேண்டும். கைக்கு எட்டும், மழையில் நனையாது. மேலே வைக்கச் சொல்பவர்கள் கூரை ஏறிப் பார்த்ததே இல்லை.

கூரை ஏறிப் பார்த்துத்தான் சொல்கிறேன். அடியில் வைத்தால் குழாய் முழுவதும் அழுத்தத்தில் இருக்கும். இருக்கிற ஒவ்வொரு விரிசல் வழியாகவும் ஈரக்காற்று வீட்டுக்குள் கசியும். உச்சியில் வைத்தால் குழாய் உறிஞ்சும் நிலையில் இருக்கும், கசிவு உள்நோக்கித்தான் நடக்கும்.

(அதே நண்பர்) லைனர் போட்டால் விரிசல் ஏது?

லைனரின் எல்லா இணைப்பும் இறுக்கமாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி, அடியிலேயே வையுங்கள். லைனர் இல்லாமல் அடியில் வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

(இன்னொருவர்) எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே புகைக்கூண்டு. நடுவில் ஒற்றைச் செங்கல் தடுப்புதான். உச்சியில் ஃபேன் வைத்து உறிஞ்சினால் அவர்கள் புகை எங்கள் பக்கம் வராதா?

வரும். ஃபேன் ஓடும்வரை அந்தப் புகை மேலேயே போய்விடும், ஆனால் அவர்கள் அடுப்பின் இழுவையை நீங்கள் திருடுகிறீர்கள். ஃபேன் நின்றதும் அந்தப் புகை உங்கள் அறைக்கு இறங்கலாம். அடியில் வைத்தால் உங்கள் ஈரம் அவர்கள் பக்கம் போகும். உங்கள் வீட்டுக்கு எந்த இடமும் சரிப்படாது, லைனர் இறங்கும்வரை. அதற்கு முன் தொழில் தெரிந்தவரை வைத்து இருபக்க வாயையும் அடைத்துப் புகைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு நிறுத்தியே அதைச் செய்யுங்கள். அவர்கள் பக்கம் புகை தெரிந்தால் அன்றே லைனருக்கு அளவெடுத்துவிடலாம்.