மகன் இல்லாத கூசி பிரபு

கேள்வி: பிரான்ஸின் கூசி பிரபு ஏழாம் ஆங்கெரான் எதிரி நாட்டு இளவரசியை மணந்தது எப்படி? அவருக்கு ஆண் வாரிசு இல்லையாமே, வம்சம் அதோடு முடிந்துவிட்டதா?

பதில்: பிணைக்கைதியாகப் போன இடத்தில்தான் அவருக்குப் பெண் அமைந்தது. 1356-இல் புவாத்தியே போரில் பிரெஞ்சு அரசர் இரண்டாம் ழான் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். அவரை மீட்க 30 லட்சம் தங்கக் காசுகள் தருவதாக ஒப்பந்தம். பணம் வந்து சேரும்வரை பிணையாக 1360-இல் இங்கிலாந்துக்குப் போன பிரபுக்களில் ஆங்கெரானும் ஒருவர். அப்போது சுமார் 20 வயது. தந்தை 1346-இலும் தாய் 1349 கொள்ளைநோயிலும் போய்விட்டதால், சிறுவயதிலேயே கூசியின் தலைவர் ஆனவர்.

அங்கே ஆங்கில அரசர் மூன்றாம் எட்வர்டின் மூத்த மகள் இசபெல்லாவுக்கு அவரைப் பிடித்துப்போனது. 1351-இல் வேறொரு பிரபுவின் மகனை மணக்கப் புறப்பட்டு, கப்பல் ஏறும் நேரத்தில் வேண்டாம் என்று திரும்பி வந்தவர் இந்த இசபெல்லா. 1365-இல் வின்சர் கோட்டையில் கல்யாணம் நடந்தபோது அவருக்கு 33 வயது, மாப்பிள்ளை ஏழெட்டு வயது இளையவர். மருமகனுக்குப் பணமில்லாமலே விடுதலை. அடுத்த ஆண்டு பெட்ஃபோர்ட் பிரபு என்ற பட்டமும் கிடைத்தது.

அப்புறம்தான் சங்கடம். இரு நாடுகளுக்கும் மறுபடி போர் மூண்டபோது எந்தப் பக்கமும் சேராமல் இத்தாலிக்குப் போய்ப் போரிட்டார். 1377-இல் மாமனார் இறந்தபின் புதிய அரசர் இரண்டாம் ரிச்சர்டுக்கு எழுதி, ஆங்கிலப் பட்டங்களையெல்லாம் துறந்தார். மாமனார் இருக்கும்வரை அவர்மேல் வாளெடுக்காமல் காத்திருந்தாரே, அதற்காகவே எனக்கு இவர்மேல் பெரிய மரியாதை.

மூத்த மகள் மரி பிரான்ஸில் வளர்ந்தாள். இளையவள் ஃபிலிப்பா இங்கிலாந்தில். ஃபிலிப்பாவை அவள் கணவர் ராபர்ட் டி வேர், அரசியின் தோழி ஒருத்திக்காக 1387-இல் தள்ளிவைத்தார். அப்போது ராபர்ட்டின் தாயே மருமகள் பக்கம் நின்றாள் என்பது மனதுக்கு ஆறுதல். ஆங்கெரானின் இரண்டாம் மனைவிக்கும் ஒரு மகள்தான். 1396-இல் நிக்கோபோலிஸ் போரில் துருக்கியரிடம் பிடிபட்ட ஆங்கெரான், மறு ஆண்டு பூர்சாவில் சிறையிலேயே காலமானார். பிறகு சொத்துக்காக மரிக்கும் சிற்றன்னைக்கும் வழக்கு. 1400-இல் மரி கூசியை ஒர்லியான் கோமகன் லூயிக்கு விற்றாள். அவருடைய பேரன் பன்னிரண்டாம் லூயி 1498-இல் அரசராக, கூசி அரச சொத்தானது.

ஆக, முடிந்தது பெயர் மட்டும்தான். ரத்தம் மரி வழியே ஓடியது. அவள் மகன் ராபர்ட் டி பார் 1415-இல் அஜின்கோர்ட் போரில் இறந்தார். ராபர்ட்டின் மகள் ழான், லக்சம்பர்க் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். அவளுடைய பேத்தி, இன்னொரு மரி, பூர்போன் குடும்பத்துக்கு. அந்த வழியில் வந்தவர்தான் பிரெஞ்சு அரசர் நான்காம் ஆன்றி. ஸ்காட்லாந்து அரசி மேரி ஸ்டூவர்ட்டும் அந்தக் கிளையே. மேரியின் வழியாக இன்றைய பிரிட்டிஷ் அரசர் மூன்றாம் சார்லஸும் கூசி பிரபுவின் வாரிசுதான். வம்சாவளி எழுதுகிறவர்கள் மகள்கள் பெயரோடு வரிசையை நிறுத்திவிடுவதால் இதெல்லாம் கண்ணில் படுவதில்லை.

கேள்வி: கூசி கோட்டை இப்போதும் இருக்கிறதா?

பதில்: மதில்களும் சில கோபுரங்களும் இருக்கின்றன. மூன்றாம் ஆங்கெரான் 13-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய, 50 மீட்டருக்கு மேல் உயர்ந்த நடுக்கோபுரத்தை 1917 மார்ச்சில் பின்வாங்கிய ஜெர்மன் படை வெடிவைத்துத் தகர்த்துவிட்டது. லான் நகருக்கு மேற்கே போனால் இடிபாடுகளைப் பார்க்கலாம்.